தலையில் தேடிய நோய்

எங்கள் பெரியப்பாவின் வீட்டில், கூடத்துத் தூணில் ஓர் ஆணி அடித்திருக்கும். அதில் இரும்புச் சாவிக்கொத்து ஒன்று தொங்கும். அந்தச் சாவிகள் எந்தப் பூட்டையும் திறப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. பெரியப்பா விழுந்தால் அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்துவதற்காக வைத்திருந்தவை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியப்பா அங்கே கணக்குப்பிள்ளை. திண்ணையில் உட்கார்ந்து அடங்கல் எழுதிக்கொண்டிருப்பார். திடீரென்று பேனா நழுவும். முகம் சுண்ணாம்பாக வெளுக்கும். ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். கைகால் இரண்டு இழுப்பு இழுக்கும். யாராவது உள்ளே ஓடிப் போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து கையில் திணிப்பார்கள். அரை நிமிஷத்தில் முகம் குப்பென்று சிவந்து, கண்ணைத் திறந்து, "எங்கே விட்டேன்?" என்று அடங்கலைத் தேடுவார். சாவி வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி.

ஊரில் அதற்குக் 'காக்காய் வலிப்பு' என்று பெயர். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் யோசிக்கிறார்கள்? 1959-ல் பெரியப்பாவின் மூத்த பெண்ணுக்கு, அதாவது என் அக்காவுக்கு, மாயவரத்தில் ஒரு வரன் நிச்சயமாகும் தறுவாயில் இருந்தது. பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா விழுந்தார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகக் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் தபால் வந்தது. "வலிப்பு வம்சம்" என்று அதில் எழுதவில்லை; ஆனால் தரகர் வாயால் சொல்லியனுப்பினார்கள்.

ஒரே ஒரு மனிதருக்குத்தான் சந்தேகம் இருந்தது. எங்கள் ஊர் வைத்தியர். அவர் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். "நாடி ஒரு அடி வைத்துவிட்டு அடுத்த அடி வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறதே, ஐயா!" என்பார். பிறகு ஒரு லேகியத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. பெரியப்பா 1961-ல் காலமானார்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு நாவலில் நாட்டு வைத்தியர் பாத்திரம் ஒன்று வந்தது. அவர் நாடி பார்ப்பதைத் தப்பில்லாமல் எழுதவேண்டுமே என்று சில பழைய வைத்திய சரித்திரங்களைப் புரட்டினேன். நாவல் பாதியில் நின்றுபோயிற்று. ஆனால் அந்தப் புத்தகங்களில் பெரியப்பாவைச் சந்தித்தேன். அவர் அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில், 1819-ஆம் வருஷம் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்!

அந்த அதிகாரிக்கு வயது 68. ராபர்ட் ஆடம்ஸ் என்ற டாக்டர் அவரைப் போய்ப் பார்த்தார். ஏழு வருஷத்துக்குள் இருபது தடவைக்குக் குறையாமல் அவர் பிரக்ஞை இழந்து விழுந்திருந்தார். விழுவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் மந்தமாக இருக்கும், ஞாபகம் தவறும். விழுந்து பல தடவை காயமும் பட்டிருக்கிறது. அதற்கு அந்தக் காலத்து டாக்டர்கள் வைத்த பெயர் 'அபோப்ளெக்ஸி'. கிரேக்க வார்த்தை, அடித்து வீழ்த்தப்படுதல் என்று அர்த்தம். இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'ஸ்ட்ரோக்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கும் அடி என்றுதான் பொருள். பாரிச வாயு, பக்கவாதம் எல்லாம் இந்தக் குடும்பம்.

அடி விழுவது தலையில் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் ஷாஃப்ஹௌஸன் என்ற ஊரில் வெப்ஃபர் என்பவர், அபோப்ளெக்ஸியில் மாண்டவர்களின் தலையைத் திறந்து பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதை 1658-லேயே எழுதிவிட்டார். அது பெரிய கண்டுபிடிப்பு. பெரிய கண்டுபிடிப்புகளில் ஒரு தொந்தரவு என்னவென்றால், அப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் அதே இடத்திலேயே தோண்டிக்கொண்டிருப்பார்கள். தலையில் ரத்தம் மிஞ்சிவிட்டது என்று நினைத்து, விழுந்தவர்களின் கையைக் கீறி ரத்தத்தை வடிய விடுவது அந்நாளைய வைத்தியம்.

ஆடம்ஸ் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, சுங்க அதிகாரியின் நாடி நிமிஷத்துக்கு 30 தான். மற்றொன்று, இருபது தடவை விழுந்த மனிதருக்கு ஒரு தடவைகூடக் கைகால் விளங்காமல் போகவில்லை. மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் இருபது தடவையும் முழு மனிதராக எழுந்திருப்பாரா? அந்த வருஷமே அதிகாரி இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது இருதயத்துச் சதை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. 1827-ல் ஆடம்ஸ் தம் குறிப்பை வெளியிட்டார். இங்கே அபோப்ளெக்ஸி என்பது நோயே அல்ல, நோயின் அடையாளம். நோய் குடியிருக்கும் இடம் இருதயம் என்பது அவர் கட்சி. இதற்கு முன்பே, பாதுவா நகரத்து மோர்காக்னி தமது 79-ஆவது வயதில், 1761-ல் வெளியிட்ட மகா கிரந்தத்தில், மந்தமான நாடியும் வலிப்பும் சேர்ந்து வருவதை எழுதியிருந்தார். என்றாலும் தலையிலிருந்து விரலை எடுத்து மார்பைச் சுட்டிக் காட்டியவர் என்ற பெருமையை நான் ஆடம்ஸுக்கே கொடுப்பேன்.

1846-ல் அதே டப்ளினில் வில்லியம் ஸ்டோக்ஸ் இன்னொரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்கும் 68 வயதுதான். டப்ளினில் 68 வயது ஆகாது போலிருக்கிறது! நாடி 28. இந்த மனிதர் தாமாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மயக்கம் வருகிறது என்று தோன்றியதும் மண்டியிட்டு, கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொள்வாராம். பல தடவை மயக்கம் வராமலே போய்விடுமாம். இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரியப்பாவும் சில சமயம் வயல் வரப்பில் நடந்துகொண்டே இருந்தவர், சட்டென்று குந்தி உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொள்வார். பையன்கள் நாங்கள் "கோழி முட்டை இடுகிறது" என்று சிரிப்போம்.

ஸ்டோக்ஸ் மற்றொரு விசித்திரத்தையும் பார்த்தார். கழுத்து நரம்பில் தெரியும் துடிப்பு, இருதயம் அடிக்கும் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஒரே இருதயத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகிறாற்போல! ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று.

அந்த அறுபது வருஷத்துக் கதையை முழுதும் சொன்னால் பத்திரிகை ஆசிரியர் என்னை விடமாட்டார். கேம்பிரிட்ஜில் காஸ்கெல் என்பவர் ஆமையின் இருதயத்தை வைத்துக்கொண்டு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள சதையை நசுக்கிப் பார்த்தார். மேலறை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கீழறைக்குச் செய்தி போகாமல் நின்றது. இதற்கு 'பிளாக்' என்று பெயர் வைத்தார். நம் ஊரில் "ஹார்ட்டில் பிளாக்" என்றால் ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வதைச் சொல்லுகிறோம். அது வேறு, இது வேறு. இது குழாய் அடைப்பு அல்ல, செய்தி அடைப்பு. 1893-ல் லைப்ஸிக்கில் இளைய வில்ஹெல்ம் ஹிஸ், மேலிருந்து கீழே செய்தி கொண்டு போகும் மெல்லிய சதைக் கற்றையைக் கண்டார். ஜப்பானிலிருந்து ஜெர்மனிக்கு வந்து மார்புர்க் நகரத்தில் ஆஷாஃபிடம் வேலை செய்த சுனாவோ தவாரா, அந்தக் கற்றை ஒரு முடிச்சில் தொடங்கி, அடிமரம்போல் இறங்கி, இரண்டாகக் கவைத்து, கிளை விட்டுப் பரவுவதை 1906-ல் முழுசாக வரைந்து காட்டினார்.

தொடக்கம் எங்கே? அதைக் கண்டது ஒரு மருத்துவ மாணவன். ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று ஆசிரியர் 1906-ஆம் வருஷக் கோடையில் கெண்ட் ஜில்லாவிலுள்ள தம் கிராமத்து வீட்டில் இருந்தார். ஒரு நாள் மனைவியோடு சைக்கிளில் பழத்தோட்டங்களைச் சுற்றப் போனார். மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவனை வீட்டில் விட்டு, அகழெலியின் இருதயத்தைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தால் பையன் தலைகால் தெரியாமல் குதிக்கிறான். வலது மேலறையின் உச்சியில் ஓர் அபூர்வமான முடிச்சு! அங்கிருந்துதான் ஒவ்வொரு துடிப்பும் புறப்படுகிறது. மறு வருஷம் இருவர் பெயரிலும் அது வெளிவந்தது. ஊர் சுற்றப் போன ஆசிரியர் மாணவன் பெயரையும் சேர்த்துப் போட்டாரே, அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இந்த ஏற்பாடு சுலபமாக விளங்கும். மேலே தலைமதகு. அங்கிருந்து நிமிஷத்துக்கு எழுபது, எண்பது தடவை தண்ணீர் திறக்கிறார்கள். நடுவில் ஒரு மதகு கொஞ்சம் நிதானித்து விடுகிறது. பிறகு பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல். நடு வாய்க்கால் தூர்ந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஆனால் கடைமடையில் சொந்தக் கிணறு ஒன்று உண்டு. கீழறை தானாகவே முப்பது, நாற்பது தடவை அடித்துச் சமாளிக்கும். ஸ்டோக்ஸ் பார்த்த இரண்டு கடிகாரங்கள் இவைதாம். கிணற்று ஏற்றம் சில விநாடி நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது, மனிதர் விழுவார். மறுபடி ஏற்றம் ஓடினால் முகம் சிவந்து எழுந்திருப்பார். நடுவில் யாராவது சாவியைக் கையில் வைத்திருந்தால் பெயர் சாவிக்குப் போய்ச் சேரும்.

இதற்குள் ஹாலந்தில், லைடன் நகரத்தில், ஐந்தோவன் ஒரு யந்திரம் செய்திருந்தார். முடியைவிட மெல்லிய, வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை. இருதயத்தின் மின்சாரத்துக்கு அது அசையும். அசைவைப் படம் பிடிக்கலாம். சுமார் 270 கிலோ எடை. ஓட்டுவதற்கு ஐந்து பேர். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்காரவேண்டும். யந்திரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாது; ஆகையால் 1905-ல் ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சிசாலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் டெலிபோன் கம்பி வழியாக இருதயத்தையே அனுப்பிவைத்தார்கள். இன்று மூலைக்கடை கிளினிக்கில் எடுக்கும் ஈ.ஸி.ஜி. இப்படிப் பிறந்ததுதான். 1924-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? 1958-ஆம் வருஷம், அக்டோபர் 8-ஆம் தேதி. எங்கள் ஊரில் புரட்டாசி மாதம். பெரியப்பா இன்னும் விழுந்துகொண்டிருந்தார். அன்று ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்ஸன் என்ற 43 வயது மனிதரின் மார்பைத் திறந்தார்கள். அவர் நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ் மரீ விடாக்கண்டி. ஓகே செனிங் என்ற சர்ஜனையும் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினீயரையும் மாறி மாறிப் போய்ப் பிடித்தாள். மனிதனுக்குள் வைக்கிற மாதிரி யந்திரம் எதுவும் எங்களிடம் இல்லையே என்றவர்களிடம், இல்லாவிட்டால் செய்யுங்கள் என்று நின்றாள். சத்தியவான் சாவித்திரி கதையில் யமனுக்குக்கூட இவ்வளவு தொந்தரவு இல்லை. எல்ம்க்விஸ்ட் பூட்ஸ் பாலீஷ் டப்பியை அச்சாக வைத்து, பிசினில் வார்த்து, இரண்டு பேஸ்மேக்கர்கள் செய்தார். முதலாவது சில மணி நேரத்தில் நின்றது, இரண்டாவதை வைத்தார்கள். அதுவும் வெகுநாள் ஓடவில்லை. ஆனால் லார்ஸன் ஓடினார்! மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் மாற்றிக்கொண்டு, செனிங்கும் எல்ம்க்விஸ்டும் போனபிறகும் இருந்து, 2001 டிசம்பரில், 86-ஆவது வயதில் வேறு நோயால் இறந்தார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2018 மார்கழியில் ஒரு விடியற்காலம் என் அக்கா, அதே மாயவரத்துச் சம்பந்தம் தப்பிப்போன அக்கா, வாசலில் கோலம் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வலது கையிலிருந்து கோலமாவு கொட்டிவிட்டது. வாய் கோணி, பேச்சு வரவில்லை. இது மெய்யான பக்கவாதம். வீட்டில் கூடியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அப்பாவுக்கு வந்தது பெண்ணுக்கும் தலைக்கு வந்துவிட்டது." அறுபது வருஷமாகியும் ஊர் அந்த வம்சத்தை மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள். பிறகு இளம் டாக்டர் ஒருவர் ஈ.ஸி.ஜி. காகிதத்தை நீட்டி, "இருதயத்தைக் கவனித்தீர்களா?" என்று கேட்டார். காகிதத்தில் துடிப்புகள் தாளம் தெரியாத மேளக்காரன் கைபோல இடைவெளி தப்பித் தப்பி இருந்தன. மூன்று மாதமாகவே அக்கா, "மாரில் புறா படபடக்கிறதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

இந்தக் கோளாறுக்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர். செய்தி அடைப்பு அல்ல, செய்திக் கலவரம். தலைமதகில் ஒருவர் உத்தரவு போடவேண்டிய இடத்தில் நூறு பேர் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். மேலறை சுருங்குவதை விட்டு, நிமிஷத்துக்கு முந்நூறு நானூறுக்கு மேல் வெறுமே நடுங்குகிறது. நடு முடிச்சு அகப்பட்டதைக் கீழே அனுப்புகிறது. இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரில் குடும்ப வைத்தியராயிருந்த ஜேம்ஸ் மெக்கன்ஸி, வருஷக்கணக்காகத் தாம் கவனித்து வந்த ஒரு பெண்மணியின் கழுத்து நரம்பில், மேலறையின் அலை 1898-ல் மறைந்துபோனதைக் கண்டார். அது இன்னதென்று 1909-ல் ஐந்தோவன் யந்திரத்தின் உதவியால் நிச்சயப்படுத்தியவர்களில் தாமஸ் லூயிஸ் ஒருவர்.

மேலறை நடுங்கினால் என்ன ஆகும்? ரத்தம் தேங்கும். இடது மேலறையில் சிறு காது மடல்போல ஒரு பை இருக்கிறது. தேக்கம் அதில்தான் அதிகம். தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும். ஒரு நாள் கட்டி கழன்று, மூளைக்குப் போகும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரிடத்தில் உண்டான கட்டி வேறிடத்தில் போய் அடைக்கும் என்பதை ஜெர்மனியின் விர்ஹோ 1840-களிலேயே காட்டிவிட்டார். மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு இப்படி நேரும் என்று டாக்டர்களுக்குத் தெரியும். வால்வு நன்றாயிருக்கிற கிழவர்களுக்கு இந்த நடுக்கம் வந்தால்? வயசுக் கோளாறு, பாதகமில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மந்தமான நாடிக்காரர் எல்லோர் எதிரிலும் விழுந்தார், அவரைக் கவனித்தார்கள். இவரோ விழுவதில்லை. பேசிக்கொண்டு, கோலம் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கி 5,209 பேரை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1978-ல் அந்தக் கணக்கு வெளியாயிற்று. வால்வு கெடாமல் இந்த நடுக்கம் மட்டும் உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வருவது மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். வால்வும் கெட்டிருந்தால் பதினேழு மடங்கு. ஆடம்ஸ் எழுதி 151 வருஷம் கழித்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் இரண்டாந்தடவையாக மார்புக்கு இறங்கின.

மருந்து வந்த வழி வேடிக்கையானது. 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், விஸ்கான்ஸின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர் செத்த கன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கார்ல் லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியரின் வாசலில் வந்து நின்றார். அந்த வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் சாகின்றன. ஏன்? ஆறு வருஷம் உழைத்து, 1939-ல் லிங்கின் ஆட்கள் அந்த வஸ்துவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வம்சத்தில் வந்தது வார்ஃபரின். 1948-ல் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது; 1955-ல் ஐஸன்ஹோவருக்கு இருதய நோய் வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். இருதயம் நடுங்குகிறவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்க இது உதவுமா என்ற பெரிய பரிசோதனைகளில் முதலாவது கோபன்ஹேகனிலிருந்து 1989-ல் வெளிவந்தது. அடுத்தடுத்து வந்த பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கு பக்கவாதத்தை அது தடுக்கிறது. ரத்தம் கசியும் அபாயமும் உண்டு. அதனால் அளவு பார்த்து, அடிக்கடி ரத்தம் சோதித்துக் கொடுக்கவேண்டும். 2010-லிருந்து அவ்வளவு சோதனை தேவைப்படாத புது மாத்திரைகளும் வந்துவிட்டன.

2012-ல் இன்னொரு தகவல் வந்தது. பேஸ்மேக்கர் அல்லது அதைப்போன்ற கருவி வைத்துக்கொண்ட, 65 வயது தாண்டிய, ரத்தக் கொதிப்பும் உள்ள 2,580 பேரின் கருவிகளைப் படித்துப் பார்த்தார்கள். பத்தில் ஒருவருக்கு, முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே, அவருக்கே தெரியாமல் மேலறை கலவரப்பட்டிருந்தது. அவர்களுக்குப் பக்கவாத அபாயம் இரண்டரை மடங்கு. பெரியப்பாவின் நோய்க்காகப் பிறந்த யந்திரம், அக்காவின் நோய்க்குக் காவல்காரனாகவும் ஆகிவிட்டது!

இரண்டு பேர் நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று அந்த இளம் டாக்டரைக் கேட்டேன். அப்பாவின் ஈ.ஸி.ஜி. ஒன்றுகூட இல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று சிரித்தார். வயதானால் இரண்டும் தனித்தனியாக வரக்கூடியவைதான் என்றார்.

அக்காவுக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. கை இன்னும் கோலத்துக்கு வரவில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஆடம்ஸ் எழுதியதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். நாடி முப்பது, இருபது தடவை விழுந்தது, மார்பைத் திறந்து பார்த்தது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கூடத்துத் தூணில் ஆணி மட்டும் இருந்தது.

"ஏண்டா, அந்தச் சுங்கக்காரருக்கு... கலியாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தாளா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

இரவு மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. தண்ணீர் கொண்டுவர உள்ளே எழுந்து போனேன்.